நற்பண்புப் போட்டிக்குப் போன வீடு

நற்பண்பு மனிதருக்குத் தானாக வருவதில்லை, சுற்றறிக்கை அனுப்பினால்தான் வரும் என்பது சான் காஸ்மே மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. மழைக்காலம் தொடங்கியதும் சுற்றறிக்கையும் வந்துவிடும். இந்த ஆண்டு வந்தது, 'பிலிப்பினோப் பண்புகளைப் போற்றும் மாணவர் படக்கதைப் போட்டி'. ஒரு மாணவர் ஐந்து புகைப்படம் எடுத்து வரிசையாக ஒட்டி, கீழே கதை எழுத வேண்டும். கதையில் பண்பு இருக்க வேண்டும். பிள்ளைகள் பண்பைத் தேடித் தெருத்தெருவாக அலையக் கூடாது என்ற கருணையில், எந்தப் பள்ளிக்கு எந்தப் பண்பு என்று அலுவலகமே பங்கு போட்டுக் கொடுத்திருந்தது. மலைப்பள்ளிக்கு விருந்தோம்பல், சந்தைப் பள்ளிக்கு நன்றியுணர்வு. கடற்கரைப் பள்ளிக்குக் கிடைத்தது பயானிஹான். ஊரே கூடி ஒருவருடைய வீட்டைத் தோளில் தூக்கி இடம் மாற்றிக் கொடுக்கிற பழைய வழக்கத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

கடற்கரைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் லுனிங் அழகாகத்தான் எடுத்திருந்தாள். போன புயலில் அவர்கள் வீட்டுக் கூரை பிய்ந்துபோனது, கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறியது. பக்கத்து வீட்டு மீனவன் பாதோங் கூரைமேல் உட்கார்ந்து ஓலை வேய்கிறான். எதிர்வீட்டுப் பெண் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவருகிறாள். யாரோ ஒருத்தி தன் வீட்டுச் சோற்றில் பாதியை இவர்கள் சட்டியில் போடுகிறாள். அவளுடைய முகம் படத்தில் விழவில்லை, கை மட்டும்தான். வகுப்பாசிரியர் ரோதேலியோ படங்களைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலிடத்துக்கு அனுப்பினார்.

மேலிடம் என்பது டாக்டர் பெர்பெத்துவா அல்காந்த்ரா, மாவட்ட நற்பண்புக் கண்காணிப்பாளர். பண்பில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். மற்றவர்களைப்போல அவரிடம் பண்பு வெறுமனே இருக்கவில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. அவர் நேரிலேயே பள்ளிக்கு வந்து படங்களைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார்.

"இதுல எவனோ கூரைல உக்காந்திருக்கான். இதுல எவளோ குடம் தூக்கிட்டு வர்றா. சரி, பண்பு எங்க சார்?"

"மேடம், புயலுக்கு அப்புறம் அக்கம்பக்கத்துல உதவி பண்றாங்க. அதைத்தான் பொண்ணு…"

"உதவி தெரியுது சார். பயானிஹான் தெரியலையே! பயானிஹான்னா வீடு தோள் மேல இருக்கணும். தரையில இருந்தா அது வெறும் வீடு."

"ஆமாங்க மேடம்" என்றார் ரோதேலியோ. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் பல ஆண்டுகளாகக் கடைசியில் நின்றுகொண்டிருந்தது.

தோள்மேல் வைப்பதற்கு ஒரு வீடு வேண்டுமே. ஊரில் எல்லாரும் சிமெண்டுக் கல்லும் தகரமுமாக மாறிவிட்டார்கள். தூண்கள்மேல் ஏணி வைத்து ஏறுகிற மூங்கில் தளமும் ஓலைக் கூரையுமாக மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு, லுனிங்கின் அம்மா மெல்ச்சோராவின் வீடு. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். கருவாடு போட்டு மகளைப் படிக்க வைப்பவள். கிணறு, மீன் காயப்போடும் பரண், படகு வந்து ஒதுங்கும் மணல் எல்லாம் வாசலிலேயே இருக்கிற இடம் அது. பெர்பெத்துவா அந்த வீட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அடடா! எவ்வளவு பண்பாடான வீடு! எப்படிம்மா இப்படியே வெச்சிருக்கீங்க?"

"சிமெண்டு வாங்க வழியில்ல மேடம்" என்றாள் மெல்ச்சோரா.

"அந்த எளிமைதான் அழகு. இதை நாங்க கொஞ்சம் தூக்கிக்கலாமா?"

மெல்ச்சோரா சிரித்தாள். பெரிய மனுஷி விளையாடுகிறாள் என்று நினைத்தாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் பக்கென்றது.

"எதுக்கு மேடம்? வீடு இங்கயே நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சும்மா இருக்கே! ஒரு பத்தடி தூக்கிட்டுப் போய்ப் படம் எடுத்துட்டு அப்படியே கொண்டுவந்து வெச்சிடுவோம். உங்க பொண்ணுக்குத்தான் பேரு."

"உள்ள அடுப்பு, சட்டி, பாய், பொண்ணோட புத்தகமெல்லாம் இருக்கே."

"இருக்கட்டும்மா. எல்லாம் இயல்பா இருக்கணும்."

மகளுடைய மதிப்பெண் என்று ரோதேலியோ காதோரமாகச் சொன்னதும் மெல்ச்சோரா தலையை ஆட்டிவிட்டாள். பிள்ளையைப் பெற்றவளுக்கு வேறென்ன வழி?

அடுத்த சனிக்கிழமை பாதோங் தலைமையில் ஊர் ஆண்கள் திரண்டு வந்தார்கள். தளத்துக்கு அடியில் நீள மூங்கில்களைக் கட்டினார்கள். அலுவலகத்தார் முதலில் அவர்களுடைய கூடைப்பந்துச் சட்டைகளைக் கழற்றச் சொன்னார்கள், முன்னோர் எண் போட்ட சட்டை அணியவில்லை என்று. பிறகு எல்லார் தலையிலும் ஓலைத்தொப்பியைக் கவிழ்த்தார்கள். அது நாடக அறையிலிருந்து கொண்டுவந்தது. பாதோங்கின் தொப்பிக்குள் பல்லி இருந்தது. மாணவர் புகைப்படப் போட்டி என்றாலும் மாணவியின் கைபேசியில் படம் தெளிவாக விழாது என்பதால், நகரத்திலிருந்து கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர் வரவழைக்கப்பட்டிருந்தார். அவருக்கு வெயில் படாமல் குடை பிடிக்கும் வேலையை லுனிங்குக்குக் கொடுத்தார்கள். போட்டியாளர் எல்லாக் கட்டத்திலும் பங்கேற்க வேண்டும் என்று விதி இருக்கிறதே!

"ம்ம், தூக்குங்க! அப்படியே சிரிங்க!" என்று ஒலிபெருக்கியில் கூவினார் பெர்பெத்துவா. "அங்க மூணாவதா நிக்கிறவர் ஏன் முகத்தை அப்படி வெச்சிருக்கார்?"

"பாரமா இருக்கு மேடம்!" என்றான் பாதோங்.

"பாரம் உங்களுக்குள்ள இருக்கட்டும், முகத்துக்கு வரக் கூடாது. பண்புக்குப் பாரமே கிடையாது!"

பத்தடி போனதும் வெயில் எதிரில் அடித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மின்கம்பி படத்துக்குக் குறுக்கே வந்தது. முன்னோர் காலத்தில் மின்கம்பி ஏது? தென்னந்தோப்புப் பக்கம் திருப்பினார்கள், அங்கே யாரோ ஒருவருடைய உள்ளாடைகள் கொடியில் காய்ந்தன. மாதா கோயிலுக்கு முன்னால் இறக்கி ஒன்று, பாலத்தருகே ஏற்றி ஒன்று என்று போய்ப் போய், நடுப்பகலில் மெல்ச்சோராவின் வீடு நகராட்சிக் கூடைப்பந்து அரங்கத்துக்குள், மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கடற்கரை கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஆண்களுக்குத் தோள் கன்றிப்போயிருந்தது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெர்பெத்துவா கையெழுத்தும் அதைவிடப் பெரிதாக அவருடைய படமும் போட்ட பாராட்டுத்தாள் கொடுக்கப்பட்டது. பிறகு அலுவலக வண்டிகள் சாப்பிடக் கிளம்பின.

மெல்ச்சோரா வண்டிக்குப் பின்னால் ஓடினாள். "மேடம், மேடம்! வீடு!"

கண்ணாடி இறங்கியது. "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா!" என்றார் பெர்பெத்துவா. கண்ணாடி ஏறியது.

கால் ஓய்ந்துபோய் அவள் திரும்பியபோது தூக்கியவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளைப் பார்த்துப் பேசவில்லை. பாதோங் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை அவள் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எல்லா மேசையிலும் யாரோ ஒருவருடைய பிறந்தநாள் நூடுல்ஸ் இருந்தது. அதைத் தின்று முடிக்கும்வரை நிற்க வைத்துவிட்டு, பெர்பெத்துவா அவளை உள்ளே அழைத்தார்.

"திரும்பத் தூக்கிட்டுப் போறது நிகழ்ச்சி நிரல்ல இல்லையேம்மா. தூக்குறதுக்குத்தான் அனுமதி வாங்கினோம்."

"அப்போ நாங்க எங்க படுக்கிறது மேடம்? அரங்கத்துக்குப் போனா சுத்திக் கயிறு கட்டியிருக்கு. 'காட்சிப்பொருள், தொடாதீர்'னு எழுதி வெச்சிருக்கு. என் சோத்துச் சட்டியை எடுக்கப் போனதுக்குக் காவலாளி விரட்டுறான்."

பெர்பெத்துவா நாற்காலியைவிட்டு எழுந்து வந்து அவள் தோளில் கையை வைத்தார். அவர் குரல் தழுதழுத்தது. பண்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்குத் தழுதழுக்கும், அதற்காகவே பல ஊர்களுக்குக் கூப்பிடுவார்கள்.

"நம்ம பிலிப்பினோப் பெண்ணோட முதல் பண்பு என்ன? கூச்சம். நாலு பேருக்கு முன்னால வந்து என் வீட்டைக் குடுங்கன்னு கேக்குறீங்களே, கூச்சமா இல்ல? ரெண்டாவது, நன்றிக்கடன். யாருக்கும் தெரியாமக் கிடந்த ஓலை வீட்டை மாவட்டமே பாக்கும்படி பண்ணியிருக்கோம். மூணாவது, ஒத்துப்போறது. எல்லாரும் ஒத்துப்போறப்போ நீங்க மட்டும் தனியா நின்னா எப்படி? நான் என்னைப் பத்திக் கவலைப்படல. நான் ஒரு சாதாரண ஊழியர். என் பேரு வரணும்னு நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்ல. உங்க வீட்டுமேல மாட்டுற பதாகையில கூட இன்னும் சின்னதாப் போடுங்கன்னுதான் சொன்னேன், துணியில இடம் மிச்சமாயிடும்னு அவங்கதான் கேக்கல. உங்களுக்கு ஒரு சந்தோஷமான சேதி வெச்சிருக்கேன்மா. பரிசளிப்பு விழா முடிஞ்சதும் லாரி வருது. உங்க வீட்டைத் தலைநகர் பண்பாட்டுப் பூங்காவுக்கே கொண்டுபோறோம். நிரந்தரமா!"

"என் வீட்டையா?"

"இனி அது நாட்டோட வீடு. விழாவுல நீங்க மேடைக்கு வந்து, மனமுவந்து குடுக்கிறேன்னு ரெண்டு வரி வாசிச்சாப் போதும். வரியை நாங்களே எழுதிட்டோம்."

வெளியே வந்தவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். ரோதேலியோ குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யாரும் பார்த்துவிடவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

தாயும் மகளும் எதிர்வீட்டுச் சமையலறையில் முடங்கிக்கொண்டார்கள். பகலில் பழைய இடத்துக்கு வந்து மீன் காயப்போட்டால், கால்கள் தானாக வீட்டுக்குள் ஏறப்போய் வெறும் மணலில் தடுமாறின. எதிர்வீட்டுக்காரி முகம் சுளிக்கவில்லை. பாதோங்தான் பேசவே மறுத்தான். ஒரு நாள் மெல்ச்சோரா படகருகே அவனை வழிமறித்து நிறுத்தினாள்.

"என்னண்ணே, நான் என்ன தப்புப் பண்ணேன்? பாக்கிறப்பல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறீங்க?"

"வாயைக் கிளறாதே மெல்ச்சோரா. ஊரே சேர்ந்து உன் வீட்டைத் தூக்கினோம். காலையில இருந்து மதியம் வரைக்கும். ஒரு வாய் கஞ்சி ஊத்தினியா? தூக்குறவனுக்குச் சோறு போடாம அனுப்பின வீடு இந்தக் கரையில இருந்திருக்கா? எங்கப்பன் காலத்துல பன்னி வெட்டுவான். வசதியில்லாதவன் கிழங்கு அவிச்சுக் குடுப்பான். சும்மா மட்டும் அனுப்ப மாட்டான்."

மெல்ச்சோராவுக்கு முகம் செத்துப்போனது. வழக்கம் அப்படித்தான். தூக்க அழைத்தவர் சோறு போட வேண்டும், போடாவிட்டால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பொருமிக்கொண்டு போனாள். நகராட்சி அரங்கத்தைக் கடந்தபோது தன் வீட்டை எட்டிப் பார்த்தாள். கூரையையே மறைத்துக்கொண்டு ஒரு பதாகை தொங்கியது. அதில் பெர்பெத்துவாவின் முகம் ஜன்னலைவிடப் பெரிதாக இருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'இந்தப் பயானிஹானுக்கு ஊரை அழைத்தவர்: டாக்டர் பெர்பெத்துவா அல்காந்த்ரா'.

மெல்ச்சோரா அதை வாய்விட்டுப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் முகத்தில் வெகுநாளைக்கு அப்புறம் ரத்தம் ஓடியது. விறுவிறுவென்று படகுக்கே திரும்பி வந்தாள்.

"பாதோங் அண்ணே! ஊரை அழைச்சது நானா? போய்ப் பாருங்க, யாரு அழைச்சதுன்னு ஆளுயரத்துக்கு எழுதி மாட்டியிருக்கு. சோறு போட வேண்டியது யாரு?"

பாதோங் வலையைக் கீழே போட்டான். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டான்:

"விழா என்னிக்கு?"

விழா நாளில் அரங்கம் முழுக்கப் பூ. வீட்டுக்கு எதிரில் நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, முறுகலாக வறுத்த முழுப் பன்றிகள், நூடுல்ஸ், அரிசிப் பலகாரம், பெரிய பெரிய பாத்திரங்களில் சோறு என்று அடுக்கியிருந்தார்கள். எல்லாம் விருந்தினர்களுக்கு. சிறப்பு விருந்தினரான துணைச் செயலர் வருவதற்குள் தொடக்க வழிபாடு, நாட்டுப்பண், மாகாணப் பாடல், துறைப்பாடல், அலுவலக நடனம், விருந்தினரை அறிமுகம் செய்பவருக்கான அறிமுகம் ஆகியவை நடந்து முடிந்தன. அவர் வரவில்லை. மறுபடி நடனம் ஆடினார்கள். கடைசியில் பாதிப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். முகத்தில் புன்னகை வந்த பிறகுதான் வண்டியிலிருந்து இறங்கினார். எல்லாக் கேமராவும் அவர் பக்கம் திரும்பின.

பெர்பெத்துவா ஒலிவாங்கியைப் பிடித்தார். "விருந்தோம்பல் நம் ரத்தத்தில் ஊறியது! பிலிப்பினோவின் வாசலில் வந்து நின்றவன் பசியோடு திரும்பியதாக வரலாறு இல்லை!" என்றார். கைதட்டல். "இப்பொழுது, தன் இல்லத்தை மனமுவந்து நாட்டுக்கு அளிக்கும் எளிய பெண்மணி இரண்டு சொற்கள் பேசுவார்!"

மெல்ச்சோரா மேடையேறினாள். எழுதிக் கொடுத்த தாளை மடித்து ரோதேலியோ கையில் கொடுத்துவிட்டாள். அவர் அதைச் சூடான உருளைக்கிழங்கைப்போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்று தொடங்கினாள். "டாக்டரம்மாவைப் பத்தி ஊருல தப்பாப் பேசினாங்க. வீட்டைத் தூக்க ஊரையே அழைச்சுட்டு ஒரு வாய் சோறு போடாம அனுப்பிட்டாங்கன்னு. அழைச்சவங்கதான் சோறு போடணும்னு டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? பண்பைப் படிச்சவங்க! ரொம்ப கூச்சம் அவங்களுக்கு. தானே சொல்லிக்க மாட்டாங்க. அதான் நான் சொல்றேன். இந்தச் சாப்பாடு அத்தனையும் வீட்டைத் தூக்கினவங்களுக்கு டாக்டரம்மா வெச்ச விருந்துங்க. அண்ணே, எல்லாரும் உள்ள வாங்க! அக்கா, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க! டாக்டரம்மா கூப்பிடுறாங்க!"

அரங்கத்தின் பக்கவாசல்கள் திறந்தன. பாதோங்கும் ஆட்களும் மனைவி மக்களோடு, தலை வாரிக்கொண்டு, பாராட்டுத்தாளை நெஞ்சில் குத்திக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்த கையோடு பன்றியின் காதைப் பிய்த்தார்கள்.

"ஐயோ, காவலாளி!" என்று பெர்பெத்துவா சொன்னது ஒலிவாங்கியில் பாதி கேட்டது. அதற்குள் துணைச் செயலர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அற்புதம்! நான் போகாத விழா இல்லை. எங்கேயும் பண்பைப் பேசத்தான் கேட்டிருக்கிறேன், சாப்பிட இன்றுதான் பார்க்கிறேன்! டாக்டர், நீங்களே பரிமாறுங்கள். ஒளிபரப்பு ஓடுகிறதா? நன்று."

ஒளிபரப்பு ஓடியது. ஆகவே மாவட்ட நற்பண்புக் கண்காணிப்பாளர் கரண்டியை எடுத்தார். அவருடைய அலுவலர்கள், விழாவுக்கென்று போட்டிருந்த வெள்ளைப் பாரோங் சட்டையில் கறி படாமல் கையை நீட்டிச் சோறு பரிமாறினார்கள்.

"மேடம், தோல் முறுகலா இருக்கிற பக்கம் வெட்டிப் போடுங்க" என்றான் பாதோங். "அட, முகத்தை ஏன் அப்படி வெச்சிருக்கீங்க? சிரிங்க! பண்புக்குப் பாரம் கிடையாது!"

பெர்பெத்துவா சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்று தெரிந்தது. நகரத்திலிருந்து வந்த பெரிய மனிதர்களுக்கு எலும்புதான் மிஞ்சியது. சில தட்டுகளில் அதுவும் இல்லை.

மெல்ச்சோரா ஒலிவாங்கியை விடவில்லை. வெளியே லாரி வந்து நிற்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னொரு பெரிய மனசும் டாக்டரம்மாவுக்கு உண்டுங்க. ஊர் ஆளுங்க தூக்கிட்டு வந்தாச்சு, திரும்பக் கொண்டுபோய் வைக்கிறது எங்க முறைன்னு அலுவலகத்துல எல்லாரும் தோள் குடுக்கப்போறாங்க. ஐயா, இவ்ளோ பெரிய அதிகாரிங்க ஒரு ஏழையோட வீட்டைத் தூக்குறதைப் பாக்க எங்களுக்குக் குடுத்து வெச்சிருக்கு!"

துணைச் செயலரின் கண் பளபளத்தது. அதிகாரிகள் வீடு தூக்கும் படம்! தலைநகரில் ஓர் அலுவலகத்துக்கும் கிடைக்காத படம்.

"நானே முதல் தோள் தருகிறேன்!" என்று குரல் கொடுத்தார். கொடுக்கவும் செய்தார். கேமராக்கள் பளிச்சிட்டு முடியும்வரை மூங்கிலுக்குக் கீழே நின்றார். பிறகு விலகிக்கொண்டு, "நான் வண்டியில் போய்க் கடற்கரையில் காத்திருக்கிறேன். நீங்கள் வந்து சேரும் காட்சியை அங்கிருந்து எடுக்கலாம். யாரும் பாதியில் இறக்கிவிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் சொன்ன பிறகு யார் இறக்குவது? கணக்கு அலுவலர், தேர்வு அலுவலர், விளையாட்டு அலுவலர், நடனமாடிய அத்தனை பேரும் மூங்கிலுக்கு அடியில் நுழைந்தார்கள். பெர்பெத்துவா முன்வரிசை மூலையில். வீடு எழும்பியது, சாய்ந்தது, உள்ளே சட்டிகள் உருண்டன.

"ஐயோ, என் இடுப்பு!" என்று யாரோ கத்தினார்.

"உள்ளேயே வெச்சுக்குங்க சார், முகத்துக்கு வரக் கூடாது!" என்று ஊரே கூவியது. தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் இரண்டு பக்கமும் நடந்தார்கள். பாலத்தில் விளையாட்டு அலுவலருக்கு மூச்சு முட்டியது. கோயில் முனையில் மழை பிடித்துக்கொண்டது. பெர்பெத்துவாவின் குதிகால் செருப்பு ஒன்று சேற்றில் புதைந்தது. அதை எடுக்கக் குனிய முடியவில்லை, குனிந்தால் வீடு தலையில் இறங்கும். ரோதேலியோ மட்டும் மூங்கிலுக்கு அடியில் இல்லை. அவர் லுனிங்குக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். லுனிங் தன் பழைய கைபேசியில் ஆசை தீரப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தெளிவாகவே விழுந்தது.

மெல்ச்சோரா முன்னால் நடந்தாள். அவளுக்கு இரக்கம் வந்ததா என்றால், வரவில்லை. ஒவ்வொரு முனகலும் காதில் தேனாகப் பாய்ந்தது. பழைய கற்களின்மேல் தூண்கள் சரியாக உட்கார்ந்ததும் அவள் மூங்கில் ஏணியைச் சாய்த்து, மகளை முன்னால் ஏறவிட்டுத் தானும் ஏறினாள். தளம் காலுக்குக் கீழே பழகிய மாதிரி கிறீச்சிட்டது. உருண்டு கிடந்த சட்டிகளை நிமிர்த்தி வைத்தாள். கூரையிலிருந்து பதாகையை இழுத்து அறுத்து, இரண்டாக மடித்து, ஒழுகுகிற மூலையில் எழுத்து உள்பக்கமாக வரும்படி செருகினாள். முகம் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

கடற்கரையில் துணைச் செயலரைக் காணோம். மழை வந்ததும் அவர் தலைநகருக்குப் போய்விட்டார். அலுவலர்கள் மணலில் ஆளுக்கொரு பக்கம் விழுந்து கிடந்தார்கள். ஒற்றைச் செருப்போடு பெர்பெத்துவா நொண்டிக்கொண்டே வந்து ஏணிக்குக் கீழே நின்றார். முகப்பூச்சு மழையில் வழிந்து கழுத்துக்கு வந்திருந்தது.

"அம்மா… மேல வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன். ஒரு வாய் ஏதாவது குடுங்க. காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல. பிலிப்பினோ வீட்டுல வந்து கேட்டவங்களை…"

மெல்ச்சோரா மேலிருந்து அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் பண்பெல்லாம் தீந்துபோச்சு மேடம்" என்றாள், கருவாட்டுக் கூடை காலியானதும் சொல்கிற அதே குரலில். "நாளைக்குக் காலையில சீக்கிரமா வாங்க."